செம்பவாங் பெட்டியின் வயது

பழம்பொருள் என்றதும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருபவை அம்மி, ஆட்டுக்கல், பித்தளைக் குடம், அரிக்கேன் விளக்கு ஆகியவையே. பள்ளியில் மரபுடைமைக் காட்சிக்குப் பொருள் கொண்டுவரச் சொன்னால் இவைதாம் மேசையில் வரிசையாக வந்து நிற்கும். இவற்றின் பெயரும் பயனும் பாட்டிமார்களுக்குத் தெரியும், ஆசிரியர்களுக்கும் தெரியும். செம்பவாங்கில், பழைய கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்களின் வீடுகளிலோ வேறொரு வகைப் பொருளும் இருக்கக் காணலாம். கடையில் வாங்கியதாக இராது. வீட்டிலிருந்த எவரோ தம் கையால் செய்ததாக இருக்கும். அதன்மேல் பெயரும் இராது, ஆண்டும் இராது. செய்தவர் மறைந்த பின் அது என்னவென்று சொல்ல ஆளிருக்காது. அத்தகைய ஒரு பெட்டி இன்னதென்றும் எக்காலத்ததென்றும் அறியமுடிந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

அப்பெட்டியைக் காட்சிக்குக் கொண்டுவந்தவன் என் மாணவன் ஒருவன். நாம் வகுப்பில் பயன்படுத்தும் அடிக்கோலின் நீளம் இருக்கும். பழைய பலகையால் ஆனது. மேல்மூடியில் கறுப்புத் திருகு ஒன்று. அதைச் சுற்றி 0 முதல் 100 வரை எண்கள். பின்புறம் நான்கு பித்தளைத் திருகாணிகள். அவற்றுள் ஒன்றின் அருகில் 'ஏ' என்றும் இன்னொன்றின் அருகில் 'ஈ' என்றும் ஆங்கில எழுத்துகள் ஆணியால் கீறப்பட்டிருந்தன. மூடியைத் திறந்தால், அட்டைக் குழாய்மேல் நெருக்கமாகச் சுற்றிய செப்புக் கம்பி, ஒன்றனுள் ஒன்று நுழையும் அரைவட்டத் தகடுகள், நெல்மணியைவிடச் சற்றே பெரிதான கறுப்புக் கண்ணாடிக் குழல் ஒன்று. இவ்வளவுதான். கூடவே, இரும்பு வளைவில் கோத்த கனமான ஹெட்போன் ஒன்றும் இருந்தது. பேட்டரி வைக்க இடமில்லை. மின்சாரத்தில் செருகும் பிளக்கும் இல்லை.

பெட்டியோடு மாணவன் ஒரு சீட்டும் எழுதி வந்திருந்தான். "ஜப்பானியர் காலத்தில் என் கொள்ளுத்தாத்தா ஒளிந்திருந்து நேதாஜியின் பேச்சைக் கேட்ட பெட்டி" என்பது அதன் வாசகம். காட்சியில் வைக்கும் சீட்டைப் பிற மாணவர்கள் படிப்பார்கள், உண்மையென்றே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே அதை அப்படியே வைப்பதா, திருத்துவதா என்னும் கேள்வி எழுந்தது. அது ஒரு குடும்பத்தின் பெருமையைத் தொடும் கேள்வியாதலால், ஊகத்தால் விடை சொல்லுதல் முறையன்று எனக் கருதினேன்.

பெட்டி பேசும் முதற்சான்று

பெட்டியைப் பார்த்த சக ஆசிரியர்கள் பலவாறு சொன்னார்கள். கப்பலில் பயன்பட்ட தந்திக் கருவி என்றார் ஒருவர். ரீடிஃப்யூஷன் பெட்டி என்றார் இன்னொருவர். 1949இல் சிங்கப்பூரில் தொடங்கிய ரீடிஃப்யூஷன் சேவை, வீட்டுக்கு வீடு கம்பி இழுத்து நிகழ்ச்சிகளை வழங்கியது. 2012 வரை நீடித்தது. அந்தப் பெட்டிக்குள் ஒலிபெருக்கி இருக்கும். கம்பி வழியே வரும் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திருகு இருக்கும். நிலையம் தேடும் தகடுகள் அதற்குத் தேவையில்லை. தந்திக் கருவியானால் தட்டும் சாவி வேண்டும். இரண்டும் இங்கே பொருந்தவில்லை.

அரைவட்டத் தகடுகளின் தொகுதியை நம் மூத்தவர்கள் 'கேங்' என்பார்கள். பாடநூலில் மாறு மின்தேக்கி என்று வரும். திருகைத் திருப்பும்போது தகடுகள் உள்ளே போகும், வெளியே வரும். அதற்கேற்ப மின்னைத் தேக்கும் அளவு மாறும். அட்டைக் குழாயின் விட்டம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்; அதில் 65 சுற்றுகள். கணக்கிட்டால் அந்தச் சுருளின் அளவு ஏறத்தாழ 190 மைக்ரோஹென்றி வருகிறது. 500 பிகோஃபாரட் தகட்டுத் தொகுதியோடு இதைச் சேர்த்தால், தகடுகள் முழுவதும் உள்ளே இருக்கும்போது கிடைப்பது ஏறத்தாழ 520 கிலோஹெர்ட்ஸ். மத்திய அலை வானொலி தொடங்கும் இடம் அதுதான். தகடுகளை வெளியே எடுக்க எடுக்க 1,600 வரை ஏறலாம். எனவே, இது மத்திய அலை நிலையங்களைக் கேட்பதற்கென்றே அளந்து சுற்றப்பட்ட சுருள். 'ஏ' என்பது ஏரியல். 'ஈ' என்பது எர்த்து. எஞ்சிய இரு திருகாணிகளும் ஹெட்போனுக்கு உரியவை. பெட்டியின் பெயர் தெளிவாயிற்று. அது கிரிஸ்டல் செட்டு, அதாவது படிக வானொலி.

பேட்டரி இல்லாமல் வானொலி எப்படிப் பாடும் என்று மாணவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நிலையத்திலிருந்து புறப்படும் அலையிலேயே ஆற்றல் இருக்கிறது. நீண்ட ஏரியல் கம்பி அதில் ஒரு துளியைப் பிடித்து இறக்குகிறது. சுருளும் தகடுகளும் வேண்டிய நிலையத்தை மட்டும் தேர்ந்தெடுக்கின்றன. கண்ணாடிக் குழல் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிட்டு, அலையின்மேல் ஏற்றியிருக்கும் குரலைப் பிரித்துக் கொடுக்கிறது. அந்தச் சிறு ஆற்றலே ஹெட்போனின் மெல்லிய தகட்டை அதிரச் செய்கிறது. ஒலிபெருக்கியை இயக்க அது போதாது. காதோடு ஒட்டி வைத்துக் கேட்கப் போதும். தொலைதூர நிலையங்கள் கேட்கா. ஆனால் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டரே உள்ள நம் தீவில், உள்ளூர் நிலையம் எதுவும் தொலைதூர நிலையம் அன்று.

பூனை மீசையும் வங்காளத்து விஞ்ஞானியும்

கண்ணாடிக் குழலை ஆராயுமுன் ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். தொடக்க காலப் படிக வானொலிகளில் இந்தக் குழல் இல்லை. அதன் இடத்தில் கலீனா எனப்படும் ஈயத் தாதுக் கல் ஒன்று சிறு கிண்ணத்தில் பொருத்தப்பட்டிருக்கும். மெல்லிய கம்பியின் முனையால் அந்தக் கல்லைத் தொட்டுத் தொட்டு, ஒலி நன்றாகக் கேட்கும் புள்ளியைத் தேடவேண்டும். அந்தக் கம்பியை ஆங்கிலேயர் 'பூனை மீசை' என்று அழைத்தார்கள்.

கல்லும் கம்பியும் கொண்டு மின்காந்த அலையை அறியும் இவ்வகைக் கருவிக்கு முதலில் காப்புரிமை பெற்றவர் நம் நாட்டவரான ஜகதீச சந்திர போஸ். 1901இல் விண்ணப்பித்து 1904 மார்ச் 29 அன்று அவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையின் எண் 755,840. அவருடைய இன்னொரு கருவிக்கு நேர்ந்ததும் நம் பெட்டியின் கதையோடு தொடர்புடையதே. 1901 டிசம்பர் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தில் மார்க்கோனி அட்லாண்டிக் கடல் கடந்த சைகையைக் கேட்டபோது பயன்படுத்திய கருவி, இத்தாலியக் கடற்படையின் பெயரால் அழைக்கப்பட்டது. அதை உண்மையில் யார் படைத்தார் என்னும் கேள்வி நெடுங்காலம் குழப்பமாகவே கிடந்தது. 1998இல் புரொபிர் பந்தோபாத்யாய் என்னும் ஆய்வாளர், அக்கருவியின் அமைப்பையும் 1899இல் போஸ் இலண்டன் ராயல் சொசைட்டி வழியாக வெளியிட்ட இரும்பு - பாதரசக் கருவியின் அமைப்பையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என வாதிட்டார். ஒரு கருவியின்மேல் சரியான பெயரை எழுதும் முயற்சிக்கு ஏறத்தாழ நூறாண்டு பிடித்திருக்கிறது. உலகப் புகழ் பெற்ற பொருளுக்கே அந்நிலை எனில், செம்பவாங்கில் ஒரு தொழிலாளி செய்த பெட்டியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

வயதைச் சொன்ன குழல்

இனி நம் பெட்டிக்கு வருவோம். சிம் லிம் டவரில் முன்பு உதிரிபாகக் கடை வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் பெட்டியைக் கொண்டுசென்றேன். அவர் உருப்பெருக்கியை வைத்துக் கண்ணாடிக் குழலைப் பார்த்தார். மங்கிய எழுத்தில் 'ஓ.ஏ.81' என்று இருந்தது. அதைப் படித்ததும், பெட்டி போர்க்காலத்தது அன்று என்றார்.

அவர் சொன்ன காரணம் எளிமையானது. ஐரோப்பாவில் பிலிப்ஸ், முல்லார்ட் ஆகிய நிறுவனங்கள் வானொலி வால்வுகளுக்கு எழுத்துகளால் பெயரிட்டன. முதல் எழுத்து, வால்வைச் சூடாக்கும் இழைக்குரிய மின்சாரத்தைக் குறிக்கும். ஜெர்மானியத்தால் ஆன புதிய குறைகடத்திகளுக்குச் சூடாக்கும் இழையே இல்லை. ஆகவே அவற்றுக்குச் சுழியத்தைப் போன்ற 'ஓ' முதலெழுத்தாயிற்று. இரண்டாம் எழுத்து 'ஏ' என்றால் டையோடு. 'சி' என்றால் டிரான்சிஸ்டர். 1966இல் புதிய பெயரிடும் முறை வந்த பின், ஜெர்மானியப் பொருள்களுக்கு 'ஏ' என்றும் சிலிக்கான் பொருள்களுக்கு 'பி' என்றும் முதலெழுத்து மாறியது. 'ஓ.ஏ.' வரிசை 1950களிலும் 1960களிலும் வானொலி கட்டும் ஆர்வலர்களின் கைகளில் பெரிதும் புழங்கியது. உலகச் சந்தைக்கு முதன்முதலாக வந்த ஜெர்மானிய டையோடுகளுள் ஒன்றாகிய அமெரிக்க நாட்டு '1என்34'கூட 1946இல்தான் வந்தது. ஜப்பானியர் ஆட்சியோ 1945 செப்டம்பரில் முடிந்துவிட்டது.

ஆயினும் இதைக் கொண்டு மட்டும் தீர்ப்பு எழுதிவிடலாகாது. அரிவாளுக்குப் பிடி மாற்றுவதுபோல், பழைய வானொலியில் புதிய குழலை மாற்றியிருக்கலாம் அல்லவா? முன்பு பூனை மீசை இருந்திருந்தால், அதைப் பொருத்திய திருகாணித் துளைகள் பலகையில் இருக்கவேண்டும். தேடிப் பார்த்தோம். அத்தகைய துளை எதுவும் இல்லை. குழலின் இரு முனைகளிலும் உள்ள ஈயப் பற்று, மற்ற இணைப்புகளின் பற்றைப் போலவே இருந்தது. பழைய பற்றை உருக்கி எடுத்த தடமும் இல்லை. எனவே பெட்டி முழுவதும் ஒரே காலத்தில், 1950களிலோ 1960களிலோ செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்பதே சான்றுகள் காட்டும் முடிவு.

ஹெட்போனிலும் ஒரு செய்தி இருந்தது. அதன் பின்புறத் தகட்டில் அம்புமுனை போன்ற முத்திரையும், அதன் கீழே 'ஏ.பி.' என்னும் எழுத்துகளோடு ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. அகன்ற அம்பு, பிரிட்டிஷ் அரசுடைமைக்குரிய முத்திரை. 'ஏ.பி.' என்பது கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டியின் பொருள் வரிசையைக் குறிப்பது. ஆகவே இது கடற்படைக்கெனச் செய்த ஹெட்போன்.

மாணவன் உடனே கேட்டான்: "அப்படியானால் கொள்ளுத்தாத்தா இதைத் திருடினாரா?"

அம்பு முத்திரை, ஒரு பொருள் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். அது எப்படிக் கை மாறியது என்பதைச் சொல்லாது. பிரிட்டிஷ் படைகள் வெளியேறிய காலத்தில், அவற்றின் கழிவுப் பொருள்கள் சிங்கப்பூர்ச் சந்தைகளில் வெளிப்படையாகவே விற்பனைக்கு வந்தன. லிட்டில் இந்தியாவுக்கு அருகில், 2017 ஜூலை வரை இயங்கிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை அவற்றுக்குப் பெயர் பெற்ற இடம். சான்று இல்லாத இடத்தில் வீரத்தைச் சேர்த்தலும் தவறு. குற்றத்தைச் சேர்த்தலும் தவறு. இதை அவனுக்கு விளக்கிச் சொன்னேன்.

நேதாஜி கதையைச் சோதித்தல்

குடும்பத்தார் சொன்ன கதையை வரலாற்றோடும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். 1942இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியிலிருந்து வானொலியில் பேசினார். அது நெடுந்தூரம் செல்லும் சிற்றலை ஒலிபரப்பு. உள்ளூர் மத்திய அலையை மட்டும் பிடிக்கும் படிக வானொலியால் அதைச் சிங்கப்பூரில் கேட்டிருக்க இயலாது. 1943 ஜூலை 2 அன்று அவர் சிங்கப்பூர் வந்தார். ஜூலை 4 அன்று கேத்தே கட்டடத்தில் இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21 அன்று அதே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அக்காலத்தில் அவர் பேச்சைக் கேட்க ஒளியவேண்டிய தேவை இல்லை. ஜப்பானிய ஆட்சி அதைத் தடைசெய்யவில்லை; பரவச் செய்தது.

ஒளிந்து கேட்கவேண்டியிருந்தவை நேச நாடுகளின் செய்திகள். அதற்குத் தண்டனை மிகக் கொடியது. 1943 அக்டோபர் 10 அன்று கெம்பெத்தாய் என்னும் இராணுவக் காவல்துறையினர் சாங்கி சிறையில் சோதனையிட்டனர். துறைமுகத்தில் கப்பல்கள் தகர்க்கப்பட்டதற்கும் சிறைக்குள் இருந்தவர்களுக்கும் தொடர்பு உண்டென ஐயுற்றுத் தேடியபோது, மறைத்து வைத்த வானொலிகள் அகப்பட்டன. 57 பேர் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் 15 பேர் மாண்டனர். சிறையிலிருந்தோர்க்கு உதவிய எலிசபெத் சோய் அம்மையார் ஏறத்தாழ 200 நாள் அடைபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். இந்தக் கொடுமைகளின் நினைவும், நேதாஜியின் நினைவும், ஒரு தந்தை இருட்டில் காதில் ஹெட்போனை வைத்திருந்த காட்சியும் பல ஆண்டுகளில் ஒன்றோடொன்று கலந்து, ஒரே கதையாக ஆகியிருக்கலாம். குடும்பக் கதைகள் பொய்யாகப் பிறப்பதில்லை. சொல்லச் சொல்லச் சேர்ந்து வளர்பவை அவை.

பாட்டியின் நினைவு

முடிவைச் சொல்வதற்காக மாணவனின் வீட்டுக்குச் சென்றேன். பெட்டியைச் செய்தவரின் மகள், அதாவது மாணவனின் பாட்டி, எழுபதைக் கடந்தவர். நான் சொன்னதை அமைதியாகக் கேட்டார். முகம் சற்று வாடியது. பிறகு, "நேதாஜி கதை எங்க அம்மா சொன்னது டீச்சர். நான் பாக்கல. ஆனா அப்பா ஒரு காதுல வச்சிக்கிட்டு இன்னொன்ன என் காதுல வைப்பாரு. அது நான் பாத்தது" என்றார்.

அவர் சொன்னவற்றைக் குறித்துக்கொண்டேன். தந்தையார் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையில் மின்சாரப் பிரிவில் உதவியாள். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. வேலை முடிந்து வந்து, மண்ணெண்ணெய் அடுப்பில் பற்றுக்கோலைக் காய்ச்சி ஈயம் வைப்பார். ஏரியல் கம்பி வீட்டுக் கூரையிலிருந்து ரம்புத்தான் மரம்வரை போகும். அதில் துணி காயப்போட்டால் கோபித்துக்கொள்வார். இரவு தமிழ்ப் பாட்டு கேட்கும்போது மட்டும் மகளை அருகில் உட்காரவைப்பார். அவருக்கு அப்போது பத்து வயதுக்குள் இருக்கும் என்றார். 1950களின் இறுதி அல்லது 1960களின் தொடக்கம். கண்ணாடிக் குழல் காட்டிய காலமும் அதுவே.

அந்தக் காலத்துச் செம்பவாங்கை எண்ணிப் பார்க்கவேண்டும். 1938 பிப்ரவரி 14 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலான உலர் துறை அங்கே திறக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து வந்த மலையாளிகளும் தமிழர்களும் பெருந்தொகையாக அத்தளத்தில் உழைத்தனர். 1968 டிசம்பரில் கப்பல் பட்டறை ஒரு வெள்ளி என்னும் பெயரளவு விலைக்குச் சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. 1971 அக்டோபர் இறுதியில் பிரிட்டிஷ் படைகள் பெரும்பாலும் வெளியேறின. இடைப்பட்ட காலத்தில் வானொலியும் மாறியது. 1946 முதல் ரேடியோ மலாயா தமிழ் உட்பட நான்கு மொழிகளில் ஒலிபரப்பியது. 1959 ஜனவரியில் சிங்கப்பூர் வானொலி தனியே பிரிந்தது. கடையில் வானொலி வாங்குவது ஒரு தொழிலாளியின் சம்பளத்துக்கு எளிதன்று. ஆகவே அவர் தாமே ஒன்று செய்துகொண்டார். அதற்கு மின்கட்டணம் இல்லை. பேட்டரிச் செலவும் இல்லை.

சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் 1924இல் வானொலி மன்றம் கண்டு, அரசு முன்வருமுன்னரே ஒலிபரப்பினார்கள். அவர்கள் பெயர் நூல்களில் இருக்கிறது. செம்பவாங்கில் ஆங்கிலத்தில் எழுதிய படத்தைப் பார்த்து, புரிந்தும் புரியாமலும் 65 சுற்றுகள் எண்ணிச் சுற்றியவரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. இருவகையினரும் ஒரே ஆர்வத்தின் பிள்ளைகள் அல்லரோ?

சீட்டில் எழுதியது

பெட்டி இன்றும் வேலை செய்கிறதா என்பதையும் சோதித்தோம். சிங்கப்பூரில் இன்று உள்ளூர் மத்திய அலை ஒலிபரப்பு இல்லையாதலால், ஏரியல் கட்டிக் கேட்பதில் பயனில்லை. கடைக்கார முதியவர் தம் மேசையிலிருந்த சைகைக் கருவியிலிருந்து மத்திய அலையில் ஓர் ஒலியை அனுப்பினார். மாணவன் திருகை மெல்லத் திருப்பினான். நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே நின்றான். "கேக்குது!" என்றான். ஹெட்போனின் மற்றப் பக்கத்தைக் கழற்றிப் பாட்டியின் காதில் வைத்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நெடுநேரம் எடுக்கவும் இல்லை.

காட்சிக்கு மாணவன் புதிய சீட்டு எழுதினான். "படிக வானொலி. 1960ஐ ஒட்டிய காலம். செம்பவாங் கடற்படைத் தளத் தொழிலாளியான என் கொள்ளுத்தாத்தா தாமே செய்தது. மின்சாரம் தேவையில்லை. என் பாட்டி இதில் தமிழ்ப் பாட்டு கேட்டார்." நேதாஜி கதையை அழிக்கவேண்டாம் என்றேன். அதைப் பின்பக்கத்தில், 'எங்கள் குடும்பத்தில் சொல்லப்படும் கதை' என்னும் தலைப்பிட்டு எழுதிவைத்தான். சான்றுள்ளது முன்பக்கம், சொல்லக் கேட்டது பின்பக்கம். வரலாறு எழுதும் முறையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட எளிதாகக் கற்பிக்க எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் இத்தகைய பொருள் இருந்தால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அதைத் துடைத்து மெருகேற்றாதீர்கள். மங்கிய எழுத்துகளும் முத்திரைகளும் அழிந்துவிடும். பழைய உதிரிபாகத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைக்காதீர்கள். செய்தவரை நேரில் பார்த்தவர் ஒருவரேனும் வீட்டில் இருந்தால், இந்த வாரமே அருகில் உட்கார்ந்து கேட்டு, அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதி, நாளிட்டு, பொருளோடு சேர்த்து வையுங்கள். கண்ணாடிக் குழலில் இருக்கும் எண்ணை இன்னும் ஐம்பது ஆண்டு கழித்தும் எவரேனும் படித்துவிடலாம். ஹெட்போனின் மறுபக்கம் யார் காதில் இருந்தது என்பதை அவரைக் கேட்டால்தான் அறியமுடியும்.